மினிமம் பேலன்ஸ் அபராதம்... கணக்கு மைனஸுக்குப் போகலாமா?

கூலியோ, முதியோர் உதவித்தொகையோ வங்கிக் கணக்கில் விழும். எடுக்கப் போனால் நூறு, இருநூறு குறைந்திருக்கும். கேட்டால், ‘மினிமம் பேலன்ஸ் இல்லை, அபராதம் பிடித்திருக்கிறோம்’ என்பார்கள். காசு இல்லாதவர்களிடம், காசு இல்லாததற்கே அபராதம்!

இதற்கு ரிசர்வ் வங்கி ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பேலன்ஸ் குறைந்தால் வங்கி முதலில் எஸ்.எம்.எஸ், இ-மெயில் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சரிசெய்ய குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். முக்கியமாக, இந்த அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

இ.எம்.ஐ தேதியில் பணம் இல்லாவிட்டால் விழும் கட்டணம் வேறு. வங்கி ஒருபக்கம், கடன் கொடுத்தவர் மறுபக்கம் என இரண்டு இடத்தில் அடி விழலாம். சம்பளத் தேதிக்குப் பிறகு இ.எம்.ஐ வரும்படி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு, ‘பி.எஸ்.பி.டி’ எனப்படும் அடிப்படை சேமிப்புக் கணக்கு. இதில் மினிமம் பேலன்ஸே கிடையாது. ஏ.டி.எம் கார்டு இலவசம். மாதம் 4 முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஒரு வங்கியில் இந்தக் கணக்கு இருந்தால், அங்கேயே வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். கணக்கை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தவறான பிடித்தம் பற்றிப் புகார் கொடுத்து 30 நாள்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க, 14448.