பிள்ளை கேட்ட சொல்

இந்த வாரம் என் நிம்மதியைக் கெடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. எங்கள் தெருவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமியின் டைரியில் பின் அடித்து வந்திருந்தது. வகுப்பில் தமிழ் பேசியதற்கு அபராதம் பத்து ரூபாய். அப்படி என்னம்மா பேசினாய் என்று கேட்டேன். "மிஸ், இவனுக்கு மூக்குல ரத்தம் வருதுன்னு சொன்னேன்" என்றாள். பக்கத்துப் பையனுக்காகப் பதறி எழுந்த பிள்ளைக்கு அபராதம்!

ஆங்கிலம் கற்பிப்பதற்காகப் பிள்ளையின் மொழியைத் தடுக்கும் இப்படிப்பட்ட வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் 'டீச்சர்' என்ற புத்தகத்தில்தான் போய் நிற்பேன்.

நியூசிலாந்து ஆசிரியை சில்வியா ஆஷ்டன்-வார்னர் எழுதி 1963இல் வெளிவந்த நூல் அது. அவருடைய வகுப்பில் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பிள்ளைகள் நிறைய. படிக்க வேண்டியதோ ஆங்கிலத்தில். பாடப்புத்தகத்தில் 'ஜேனட்', 'ஜான்' என்று இரண்டு சமர்த்துப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுடைய வீடு போன்ற வீடும் அவர்கள் பேசும் பேச்சும் இந்த மாவோரிப் பிள்ளைகளின் ஊரில் கிடையாது. சில்வியா புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டார். கேட்ட சொல்லை நீளமான அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். பிள்ளை அதை விரலால் தடவிப் பார்க்கும், சொல்லிப் பார்க்கும். மறுநாள் காலை எல்லா அட்டைகளையும் தரையில் கொட்டுவார். அவரவர் அட்டையை அவரவர் தேடி எடுக்க வேண்டும். அடையாளம் தெரியாத அட்டை குப்பைக்குப் போகும். அந்தச் சொல் பிள்ளையின் மனதிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். தப்பு பிள்ளையுடையது அல்ல.

பிள்ளைகள் கேட்ட சொற்கள் பேய், முத்தம், போலீஸ், ஜெயில், கசாப்புக் கத்தி. பாடப்புத்தகத்தின் 'கம்', 'லுக்' என்ற சொற்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒரு சிறுவன் இவற்றைச் சில நிமிடங்களில் படித்துவிட்டான். பயமும் பாசமும் உள்ள சொல் ஒரே பார்வையில் பதிந்துவிடும். சில்வியா கண்டுகொண்டது இதைத்தான்.

அதே நாட்டில் மாவோரி மொழி பேசியதற்காகப் பள்ளியில் அடி வாங்கிய தலைமுறையும் உண்டு. அடி வாங்கியவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசாமலே இருந்துவிட்டார்கள். மாவோரியைப் பள்ளியில் கற்பிக்கக் கோரி 1972இல் முப்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்திடம் மனுக் கொடுத்தார்கள். 1982இல் மாவோரி மட்டுமே பேசும் மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1987இல்தான் மாவோரி ஆட்சிமொழி ஆனது.

நம் வகுப்பறைக்குச் சில்வியாவின் முறையிலிருந்து எடுத்துக்கொள்ளச் செலவில்லாத வழிகள் உண்டு. சந்தையைப் பற்றி ஆங்கிலப் பாடம் என்றால், முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றித் தமிழில் பேசட்டும். அவர்கள் சொன்ன கருவாட்டையும் ஆட்டுக்குட்டியையும் கரும்பலகையில் இரு மொழியிலும் எழுதுங்கள். கேள்வி கேட்டால் இரண்டிரண்டு பேராகத் தமிழில் கலந்து பேசிவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். சொல்ல விஷயம் இருக்கிற பிள்ளைக்குத்தான் இன்னொரு மொழி தேவைப்படும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு சீட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் பணம் கட்டாதீர்கள். நேரே பள்ளிக்குப் போய், என் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று கேளுங்கள்.