அரை மணிக்கு இடமுண்டா?

சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் நம் தேசம் 2024 மார்ச்சில் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. சுவிஸ் கைக்கடிகாரங்களின் மீதுள்ள இறக்குமதி வரி அதன்படி ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வரும். கடை ஜன்னலில் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போன பலர் இனிக் கடைக்குள் நுழைவார்கள் என்பதில் சந்தேகமில்லை. விருதுநகரிலும் சிவகாசியிலும் தொழில் நிமித்தம் கடல் கடந்து செல்வோர் அநேகர். அவர்களிடையே இப்போது ஒரு கேள்வி அடிபடுகிறது. பிரயாணத்துக்கென்றே செய்யப்பட்ட உயர்ந்த கைக்கடிகாரத்தில் பழைய மாதிரியை வாங்குவதா, புதிய மாதிரியை வாங்குவதா? இதைப் பற்றி நமது அபிப்பிராயத்தைக் கூற விரும்புகிறோம்.

எடுத்த எடுப்பிலேயே ஓர் ஆட்சேபம் கிளம்பும். தீப்பெட்டி ஒட்டியும் திரி பின்னியும் சாமான்ய ஜனங்கள் வயிறு வளர்க்கும் சீமையில், பல லட்ச ரூபாய் விலையுள்ள கடிகாரத்தைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாங்குங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வாங்கியே தீருவது என்று தீர்மானித்தவரின் பணமும் இந்த வறண்ட கரிசல் பூமியில் சம்பாதித்த பணமே. அது அறியாமையால் வீணாகக் கூடாது. அன்றியும், இந்தச் சிறிய விஷயத்துக்குள் நம் தேசத்தைப் பற்றிய ஒரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அதுவே நம்மை எழுதத் தூண்டிற்று.

முதலில் வழக்கின் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்வோம். 1950-களில் ஆகாய விமானங்கள் சமுத்திரங்களைத் தாண்டித் தவறாது பறக்கத் தொடங்கியபோது, விமானிகளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களின் நேரம் தெரியவேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பான் அமெரிக்கன் விமானக் கம்பெனியின் தேவையை ஒட்டி, ரோலெக்ஸ் கம்பெனி 1955-ல் 'ஜி.எம்.டி. மாஸ்டர்' என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. சாதாரண முட்களோடு, நாளொன்றுக்கு ஒரே ஒரு சுற்றுச் சுற்றும் நான்காவது முள் ஒன்று அதில் உண்டு. முகப்பைச் சுற்றி 24 மணிகள் குறித்த வளையம் ஒன்றும் உண்டு. வளையத்தின் ஒரு பாதி சிவப்பு, பகலுக்கு. மறு பாதி நீலம், இரவுக்கு. வளையத்தைத் திருப்பினால் நான்காவது முள் இரண்டாவது ஊரின் நேரத்தைக் காட்டும். அந்த விமானக் கம்பெனி 1991-ல் மறைந்துவிட்டது. கடிகாரம் மட்டும் நிலைத்திருக்கிறது.

இந்த ஏழு தசாப்தங்களில் அது பலமுறை உருமாறியிருக்கிறது. வியாபாரிகள் 1675 என்ற எண்ணால் குறிப்பிடும் மாதிரி 1959 முதல் 1980 வரையில் விற்பனையாயிற்று. 1982-ல் வந்த இரண்டாம் 'ஜி.எம்.டி. மாஸ்டர்' ஒரு பெரிய திருத்தத்தைச் செய்தது. மணி முள்ளை மட்டும் தனியே தள்ளி வைக்கும் வசதி அதில்தான் முதலில் வந்தது. 1989-லிருந்து 2007 வரையில் 16710 என்ற மாதிரி ஓடிற்று. பிறகு அலுமினிய வளையம் போய், செராமிக் வளையம் வந்தது: 2005-ல் தங்கக் கடிகாரத்திலும் 2007-ல் எஃகுக் கடிகாரத்திலும். சிவப்பு நீல செராமிக் வளையம் எஃகுக் கடிகாரத்தில் வந்தது 2018-ல்.

புதியதன் கட்சியை முதலில் கேட்போம். அதன் செராமிக் வளையத்தில் கீறல் விழாது. வெயிலில் நிறம் மங்காது. ஒரு முறை முழுச் சாவி ஏறினால் ஏறத்தாழ 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். 100 மீட்டர் ஆழம் வரையில் தண்ணீர் புகாது. கம்பெனியின் உத்தரவாதச் சீட்டும் உண்டு. வேலைப்பாட்டிலும் குறை சொல்ல இடமில்லை. வானத்தில் வெடிக்கும் நிறங்களில் நீலமே பிடிபடாத நிறம் என்பதைச் சிவகாசிக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பை எளிதில் கொடுத்துவிடும். தாமிரத்திலிருந்து நீலத்தை வாங்குவதோ, சூடு சற்று மிஞ்சினாலும் கெட்டுவிடும் காரியம். செராமிக்கில் இது தலைகீழ். அங்கே சிவப்புத்தான் சண்டித்தனம் செய்யும் நிறம். முழு வளையத்தையும் சிவப்பாகச் செய்து, அதில் பாதியை மட்டும் ரசாயனத்தால் நீலமாக மாற்றும் வித்தையை அந்தக் கம்பெனி 2014-ல்தான் சாதித்தது. நிறத்தின் அருமை தெரிந்த நம் ஊர்க்காரர்கள் இந்தச் சாமர்த்தியத்தை மெச்சுவதில் ஆச்சரியமில்லை.

பழையதன் கட்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? பழையது மெலிந்தது, லேசானது, ஆடம்பரமில்லாதது என்கிறார்கள். மங்கிய வளையத்துக்கும் பழுப்பேறிய முகப்புக்கும் கூடுதல் விலை கொடுக்கிறவர்களும் உண்டு. வெயிலில் வெளுத்த துணிக்கு எந்த ஜவுளிக்கடையிலும் கூடுதல் விலை கிடையாது. வெளுத்த கடிகாரத்துக்கு மட்டும் ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. இந்த வாதத்தை நாம் தள்ளிவிடுகிறோம். ஆனால் பழையதன் தரப்பில் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. அதன் கட்சிக்காரர்களே அதைக் கூண்டிலேற்றத் தவறிவிடுகிறார்கள். அந்தச் சாட்சி நம் அரை மணி நேரம்.

நம் தேசத்தின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 30 நிமிஷம் முன்னால் செல்வது. 1906-க்கு முன் ரயில்கள் சென்னை நேரத்தை அனுசரித்து ஓடின. 1792-ல் எழுந்த சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தை ஆதாரமாகக் கொண்ட அந்த நேரம் கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிஷம் முன்னால் நின்றது. 1906 ஜனவரி 1-ஆம் தேதி முதல், மிர்ஸாபூருக்கு அருகில் செல்லும் எண்பத்திரண்டரைப் பாகைத் தீர்க்கரேகை தேசத்துக்கெல்லாம் பொதுவாயிற்று. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அன்னிய ஆட்சி வகுத்த கணக்கே ஆயினும், சுதந்திர இந்தியா அதைத் தன் சம்மதத்தோடு வைத்துக்கொண்டது. கிழக்கும் மேற்கும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் வேலைக்குப் போக, எல்லோருமே சிறிது விட்டுக்கொடுக்கிறோம். விருதுநகரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம், ஆண்டுச் சராசரியில், பகல் 12 மணி 18 நிமிஷம் காட்டுகிறது. அந்தப் பதினெட்டு நிமிஷம் நாம் தேச ஒற்றுமைக்குச் செலுத்தும் காணிக்கை என்று சொல்லலாம். நூற்று நாற்பது கோடி ஜனங்கள் இந்த அரை மணியில் வாழ்கிறார்கள்.

இனி, ஓர் உதாரணத்தால் விஷயத்தை விளக்குவோம். சிவகாசி அச்சக முதலாளி ஒருவர் கோடைகாலத்தில் ஜெர்மனியிலுள்ள டுசல்டார்ப் நகரத்துக்கு அச்சு இயந்திரக் கண்காட்சி பார்க்கச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 9-30. வீட்டில் குழந்தைகள் தூங்கிவிட்டார்களா, அச்சகத்தில் இரவு வேலை தொடங்கிற்றா என்று அவர் அறியவேண்டும். ஆனால் நிமிஷ முள் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அது 12-இல் நிற்கையில், நான்காவது முள் 21-இல் நிற்கலாம், 22-இல் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்காது. அப்படித்தான் உள்ளே பல்சக்கரம் அமைந்திருக்கிறது. முள் செய்யாததை வளையம் செய்யவேண்டும். வளையத்தை அரை மணி அளவு பின்னால் திருப்பிவிட்டால் 21-இல் நின்ற முள் இருபத்தொன்றரையைக் காட்டும், காரியம் முடிந்தது.

இங்கேதான் பழையதும் புதியதும் பிரிகின்றன. 1675-இன் வளையத்துக்குச் சொடுக்கே கிடையாது. விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். 16710-இன் வளையம் ஒரு சுற்றுக்கு 120 சொடுக்கு, அதாவது மணிக்கு ஐந்து. அரை மணிக்கு இரண்டரைச் சொடுக்கு ஆகிறபடியால், இரண்டிலோ மூன்றிலோ நிறுத்தினால் 6 நிமிஷம் பிசகும். அந்தப் பிசகு கண்ணில் படாது, படித்துக்கொள்ளத் தடையில்லை. புதியதன் வளையமோ சுற்றுக்கு 24 சொடுக்குத்தான். முழு மணியிலிருந்து முழு மணிக்குத் தாவும். நடுவில் நில் என்றால் நிற்காது. லண்டனும் நியூயார்க்கும் டோக்கியோவும் அதில் சுகமாக உட்காரும். இந்தியாவுக்கு மட்டும் ஆசனமில்லை. நமக்கும் சீனாவுக்கும் இரண்டரை மணி வித்தியாசம், சிங்கப்பூருக்கும் அதுவே; துபாய்க்கு ஒன்றரை மணி. நம் வியாபாரிகள் போகும் வழியெல்லாம் இந்த அரை மணி கூடவே வருகிறது.

"அரை மணியை மனத்தில் கூட்டிக்கொள்ளத் தெரியாதா?" என்று கேட்கலாம். வட்டிக்கு வட்டியை வாய்க்கணக்காகப் போடும் விருதுநகர் வியாபாரிக்கு இது ஒரு பொருட்டல்ல என்பது வாஸ்தவம். ஆனால் இரண்டு நேரம் காட்டுவதற்கென்றே ஒரு கருவியை வாங்கி, அந்த வேலையை நாமே செய்வதென்றால், கருவிக்குக் கூலி எதற்கு? இது முடியாத காரியமென்று சொல்லவும் வழியில்லை. சுவிஸ் தேசத்திலேயே வாஷரோன் கான்ஸ்டன்டின் கம்பெனி, அரை மணிப் பிரதேசங்களையும் சேர்த்து 37 நேரங்களைக் காட்டும் கைக்கடிகாரத்தை 2011-ல் வெளியிட்டது. அதன் விலை மிக அதிகம். எனினும், மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு அது ருசு.

அப்படியானால் கிடைப்பதிலெல்லாம் மிகப் பழையதைத் தேடி ஓடலாமா? கூடாது என்பதே நமது எச்சரிக்கை. 1955-இன் முதல் மாதிரியில் வளையம் பேகலைட்டால் ஆனது. அதன் எண்கள் இருளில் மின்ன ரேடியம் பூசப்பட்டிருந்தது. அந்த வளையம் எளிதில் வெடிக்கக்கூடியதாகவும் இருந்தபடியால், பின்னர் உலோக வளையம் வந்தது. ரேடியப் பூச்சின் ஒளி சில பத்தாண்டுகளில் அவிந்துவிடும். ரேடியமோ பாதியாகக் குறைவதற்கே 1600 ஆண்டு வேண்டும். ஒளி போயிற்று, நஞ்சு போகவில்லை. கடிகார முகப்புகளுக்கு அந்தப் பூச்சைத் தூரிகையால் தீட்டிய அமெரிக்கப் பெண்கள், 1920-களில் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். பிறர் கண்ணுக்கு ஒளி கொடுக்கும் தொழில், செய்கிறவர் உயிரை எப்படிக் கேட்கும் என்பதை 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் கண்ட ஜில்லா இது. அந்த அழகுக்காகக் கூடுதல் விலை கொடுக்க நம் மனம் ஒப்பவில்லை.

1675-உம் பிரயாணத்துக்கு முழுத் துணையாகாது. அதில் மணி முள்ளைத் தனியே நகர்த்த முடியாது. ஊர் மாறும்போதெல்லாம் கடிகாரத்தையே நிறுத்தித் திருப்பவேண்டும். அதன் கண்ணாடி பிளாஸ்டிக் வகை, எளிதில் கீறும். வயதான கடிகாரத்தை நம்பிக் குளத்தில் இறங்கவும் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, முகப்பு ஒன்றிலிருந்தும் வளையம் இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்த ஒட்டுக் கடிகாரங்கள் சந்தையில் மலிந்திருக்கின்றன. நில கிரயத்தில் மூலப் பத்திரம் பார்ப்பது போல, எண்ணையும் ரசீதையும் பழுது பார்த்த விவரத்தையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது.

ஆகவே நமது தீர்ப்பு இது. பெட்டியில் வைத்துப் பூட்டவோ, கல்யாண வீட்டில் காட்டவோ வேண்டுமானால் எதை வாங்கினாலும் ஒன்றுதான். அதைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியராக ஊர் ஊராகச் சென்று, வீட்டு நேரத்தை நினைவில் வைத்து உழைப்பவர், மிகப் பழையதையும் மிகப் புதியதையும் விடுத்து நடுவிலுள்ள 16710-ஐத் தேடுவது சிலாக்கியம். மணி முள் தனியே நகரும் புதுமை அதில் உண்டு. நம் அரை மணிக்கு இடங்கொடுக்கும் பழைய வளையமும் உண்டு. கீறாத நீலமணிக் கண்ணாடியும் உண்டு. 1990-களின் இறுதியிலிருந்து கதிர்வீச்சில்லாத ஒளிப்பூச்சு வந்தபடியால், அதற்குப் பிந்தியதாகப் பார்த்து வாங்குவது மேலும் நலம். வளையம் மங்கினால் மங்கட்டும். அது உழைத்ததற்கு அடையாளம்.

எதை வாங்கினாலும் ஒரு காரியத்தை மறக்கலாகாது. விலையுயர்ந்த கடிகாரத்தை அணிந்து வெளிநாடு செல்வோர், புறப்படும் முன்பே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டிச் சான்று பெற்றுக்கொள்ளவேண்டும். இல்லையேல், திரும்பும்போது அங்கே வாங்கியதென்று கருதி வரி கேட்பார்கள். அப்போது வாதாடுவது கஷ்டம்.

நம் தொழிலதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தப் பிரயாணத்தின் பலனை இன்று ஜில்லா முழுதும் அனுபவிக்கிறது. கடிகாரத் தொழிலும் நமக்குப் புதிதல்ல. 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத்தொழில் 2016-ல் மூடும் நிலைக்கு வந்தது விசனிக்கத்தக்கதே. ஆனால் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கூட்டுறவோடு 1984-ல் பிறந்த டைட்டன் கம்பெனி ஓசூரில் தழைத்திருக்கிறது. நம் அரை மணியை முகப்பின் நடுநாயகமாக வைத்து, நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் விலையில் ஒரு பிரயாணக் கடிகாரத்தைத் தருவது இந்த மண்ணின் தொழிலாளிக்கு அரிய காரியமன்று. சுவிஸ் வரி குறையும் இந்தச் சமயமே அதற்குத் தக்க சமயம்.

அதுவரையில், லட்சங்கள் இல்லாதவர் மனம் தளரவேண்டாம். முட்களுள்ள எந்தக் கைக்கடிகாரத்தையும் இந்திய நேரத்தில் வைத்து, அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பகல் இரண்டரை மணிக்குப் பார்த்தால் காலை ஒன்பது மணி தெரியும். அப்போது அதுவே கிரீன்விச் நேரம். சின்ன முள் சற்றுப் பின்தங்கி நிற்கும், அவ்வளவுதான். ஐந்தரை மணி என்ற நம் கணக்கில் இப்படி ஒரு பொருத்தம் அமைந்திருக்கிறது. கோடைக்கு ஒரு மணி கூட்டிக்கொண்டால் லண்டன் நேரமும் கைவசம். செலவு ஒரு காசும் இல்லை.