வீட்டுத் தொட்டியில் கடல் அலை: மோட்டாரை விட டிரம் பெட்டர், ஆனா...

கனகசெட்டிக்குளம் கடற்கரையில் அலைக்குப் பஞ்சமில்லை. வீட்டிலுள்ள உப்புநீர்த் தொட்டிக்கு? சாதா மோட்டார் ஒரே சீராகத் தள்ளும். பவளங்களுக்கு வேண்டியதோ வந்து போகும் அலை.

ஹவாயின் வைகீகி மீன்காட்சியகத்தில் முன்பு பணியாற்றிய புரூஸ் கார்ல்சனின் பெயரால் அறியப்படும் வழி சிம்பிள். தொட்டிக்கு மேலே ஒரு டிரம், அதில் தலைகீழ் 'யு' குழாய். மோட்டார் டிரம்மை நிரப்பும். நீர் வளைவைத் தாண்டியதும் சைஃபன் பிடித்து மொத்தமும் கீழே பாயும். காற்று புகுந்ததும் நின்று, மறுபடி நிரம்பும்.

செலவு கம்மிதான். ஆனால் 6 அடிக்கு 2 அடி தொட்டியில் 100 லிட்டர் விழுந்தால் மட்டம் சுமார் 9 செ.மீ. ஏறும். டிரம் நிரம்பியிருக்கும்போது தொட்டியையும் விளிம்புவரை நிரப்பினால், அடுத்த அலை ஹாலில்தான். டிரம் காலியா இருக்கும்போதே அளவைக் குறிங்க. 100 கிலோவுக்கு மேல் எடை. சுவர் ஷெல்ஃபை நம்பாதீங்க.