லினன் என்னும் ஆளித் துணி

விளக்குத்தூண் பகுதித் துணிக்கடைகளில் ‘லினன்’ என்னும் சொல்லுக்கு இன்று தனி மதிப்பு. மாப்பிள்ளைச் சட்டைக்கும் கோயில் பீடத்துணிக்கும் அதையே கேட்டு வாங்குகின்றனர் நம் குடும்பத்தார். கேட்டது கிடைக்கிறதா என்பதையே இத்திங்கள் நாம் ஆராயப் புகுகின்றோம்.

ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரால் நெய்ததே லினன். ஆளிவிதையை நாட்டு மருந்துக் கடையில் யாவரும் கண்டிருப்போம். நம் நாட்டில் இச்செடி பெரும்பாலும் விதைக்காகவே பயிராகிறது. நாருக்குப் பெயர்பெற்றவை பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையும் பெல்ஜியமும். அங்கு நிலவும் ஈரக் குளிர்காற்றை நம் கரிசல் காட்டில் எங்ஙனம் தேடுவது? செடியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்கி, வயலிலேயே வாரக்கணக்கில் பனியில் கிடத்துவர். தண்டு பதமாக அழுகியபின் நார் கழன்று வரும். அதனை அடித்து, சீவி, நூற்பர். மேற்கு வங்கத்து ரிஷ்ராவிலுள்ள ஜயஸ்ரீ ஆலை போன்றவையும் வெளிநாட்டு நாரைத் தருவித்தே நூற்கின்றன. விலை ஏறுவதில் வியப்பென்ன?

இந்நார் நீரை விரைந்து உறிஞ்சும், விரைந்து உலரும், நனைந்தால் வலிமை கூடும். சித்திரை வெயிலுக்கு உகந்ததே. ஆயின் எளிதில் கசங்கும். ஒரே மடிப்பில் பலமுறை மடித்தால் அவ்விடத்திலேயே இற்றுப்போகும்.

முன்னாளில் பீடத்துணிக்குப் பருத்தியைத் திருச்சபை விதி ஏற்கவில்லை; ஆளி நாரும் அதையொத்த சணல் வகை நாருமே வேண்டும். 1970-இல் வெளிவந்த புதிய திருப்பலி நூலில் அக்கட்டாயம் இல்லை. எனவே நல்ல பருத்தியை விரிப்பதில் குறையேதுமில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. லினன் என்ற பெயரில் பாலியெஸ்டர் கலந்த துணியை வாங்கித் திருக்கிண்ணம் துடைக்க வைக்கின்றனர். அது இரசத்தை உறிஞ்சாது, தள்ளிவிடும். காணிக்கைப் பணத்தில் வாங்கும் பொருளன்றோ!

சோதிப்பது எளிது. துணியோரத்து இழைகள் சிலவற்றைக் கொளுத்துக. காகிதம் எரியும் மணத்துடன் மெல்லிய சாம்பலானால் செடி நார். உருகிக் கெட்டி மணியாக இறுகினால் பாலியெஸ்டர் கலந்தது. பருத்தியும் இவ்வாறே சாம்பலாகுமாதலால், மற்றோர் இழையை முறுக்குப் பிரித்து இழுத்து அறுக்க வேண்டும். பருத்தியின் நுனி பஞ்சாகக் கலையும். லினனின் நுனி நீண்டு விறைத்து நிற்கும். நூலின் மேடுபள்ளத்தை நம்பலாகாது. அதனைப் பருத்தியிலும் ஆலையில் செய்துவிடுகின்றனர். மருத்துவமனைகளில் ‘லினன் அறை’ என்பதும் பெயரளவே. அங்கிருப்பவை பெரும்பாலும் பருத்தி விரிப்புகள்.

எம் கருத்து இதுவே: திருக்கிண்ணத் துணிக்கும், வசதியுள்ளோர் சட்டைக்கும் லினன் தகும். படுக்கை விரிப்புக்கும் அன்றாடச் சேலைக்கும் பருத்தி போதும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி நம் தெருவிலேயே இருக்க, பெல்ஜிய நாருக்கு ஏங்குவானேன்?

வாங்கியோர் கவனத்திற்கு: காரமான வெளுப்புத்தூள் வேண்டா. மெல்லிய அரிசிக் கஞ்சியிட்டு, ஈரம் முழுதும் உலருமுன் தேய்க்க வேண்டும். மடிப்பின்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தலாகாது; அவ்வப்போது மடிப்பிடத்தை மாற்றுதல் நன்று. திருக்கிண்ணத் துணியைச் சலவைக்கு அனுப்புமுன் கோயிலிலேயே அலசி, அம்முதல் நீரை வழக்கம்போல் மண்ணில் ஊற்றுமாறு கோயில்பிள்ளையிடம் சொல்லி வைக்கவும்.