ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?

வலிக்கு மருந்து கேட்டது நாங்கள் செய்த குற்றமோ? 1987இல வடமராட்சியில ஆமியின்ர ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ நடக்கேக்க அம்மாவின்ர இடுப்பில ஏறின ஷெல் துண்டு இன்னும் உள்ளுக்குத்தான் கிடக்கு. மாரி தொடங்கினா உடுப்பிட்டி வீட்டில அவவுக்கும் நித்திரையில்லை, எங்களுக்கும் நித்திரையில்லை. அதுக்குத்தான் கிளினிக்கில ட்ரமடோல் குளிசை தந்தவை. கடதாசி உறையில ‘காலை 1, இரவு 1’ எண்டு ஒரு கிறுக்கல். அவ்வளவுதான்!

அது அபின் செய்யிற வேலையைச் செய்யிற மருந்து எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கிளினிக் கொப்பியைக் கையில குடுத்தனாங்கள். அவ நித்திரைக் குளிசை போடுறதும், சிறுநீரகம் பலவீனமெண்டதும் அதில எழுதிக் கிடக்கு. புரட்டிப் பார்க்கேல்லை. ட்ரமடோலும் நித்திரைக் குளிசையும் சேர்ந்தா மூச்சே அடங்கிப்போகலாமாம். சிறுநீரகம் சரியா வேலை செய்யாட்டி மருந்து உடம்பில தேங்குமாம். ஆர் சொன்னது? எல்லாம் முடிஞ்ச பிறகு இன்னொரு டொக்டர் சொன்னார்.

முதல்ல மலச்சிக்கல். பிறகு தலைச்சுற்று, சத்தி, பகலெல்லாம் அரைத்தூக்கம். போய்ச் சொன்னா, “வயசு போச்சுத்தானே அம்மா” எண்ட பதில். ஒரு விடியக்காலமை குசினிப் படியில விழுந்தா. தொடை எலும்பு முறிஞ்சுது.

பயத்தில குளிசையை ஒரேயடியா நிப்பாட்டினம். படிப்படியாக் குறைக்கவேணுமெண்டும் சொல்லித் தரேல்லையே! வேர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கி, விடிய விடிய அந்தரப்பட்டா. அதைப் பார்த்துப்போட்டு அயலுக்க “கிழவி போதைக்குப் பழகிட்டுதாம்” எண்ட கதை. ஷெல்லடியைத் தாங்கின மனுசிக்கு இந்தப் பேர்!

தெரியாத விசயமெண்டு மருந்து தந்தவை தப்பேலாது. அடிமைப்படுத்திறது குறைவு எண்டு சொல்லி, இதே வகை வலிக் குளிசையான ஒக்சிகொன்டினை வித்த அமெரிக்கப் பேர்டியூ கொம்பனி 2007இலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டொலரளவு கட்ட ஒப்புக்கொண்டது. 12 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கு ட்ரமடோல் ஆகாதெண்டு 2017இல அந்த நாட்டு அரசாங்கமே எச்சரிச்சது.

மருந்தில எனக்குக் கோவமில்லை. புற்றுநோய்க்காரருக்கு மோர்ஃபின் இல்லாட்டி அது பெரிய பாவம். வாய் திறக்காத ஆக்களிலதான் கோவம். டொக்டர்மாரே, பாமசிக்காரரே, கொப்பியைப் பாருங்கோ. உறையில நித்திரைக் குளிசையோடயும் குடியோடயும் ட்ரமடோலைச் சேர்க்கக் கூடாதெண்டு தமிழில எழுதித் தாங்கோ. சனங்களே, எழுதித் தராட்டி அந்த இடத்தை விட்டு எழும்பாதேங்கோ.