அடுப்பை மூட்டியவரே சாம்பலையும் அள்ளட்டும்



அரிசியிலுள்ள கல்லை உலையில் போடுமுன்பே அரித்தெடுத்து விடுகிறோம். வெந்த சோற்றில் கல் தேடுவது எவ்வளவு சிரமம்!

இயந்திரங்களின் கதையும் இதுதான். காற்றில் 78 வீதம் நைதரசன்; ஒட்சிசன் 21 வீதமே. எரிபொருளைக் காற்றில் எரித்தால், பூமியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டு நைதரசனோடு கலந்தே புகையாகிறது. பிறகு பிரிப்பது பெருஞ்செலவு.

நைதரசனை முதலிலேயே நீக்கி, ஒட்சிசனில் எரித்தால்? மிஞ்சுவது பெரும்பாலும் நீராவியும் காபனீரொட்சைட்டுமே. குளிரவைத்தால் நீராவி தண்ணீராகிவிடும். வாயு தனியே கிடைக்கும். தனி ஒட்சிசனில் நெருப்பு மிகக் கடுமையாக எரியுமாதலால், அதைத் தணிக்க அந்த வாயுவில் ஒரு பகுதியையே திருப்பி உள்ளே விடுகிறார்கள்.

ஆங்கிலேயப் பொறியியலாளர் ரொட்னி அலம் வகுத்த முறையில் இந்த வாயுவே சுழலியையும் சுற்றுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து லா போர்ட்டில் அமைந்த சோதனை நிலையம் 2021 நவம்பரில் மின்கட்டமைப்போடு இணைந்தது.

ஆனால் ஒட்சிசனைப் பிரிக்கவே மின்சாரத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பிடித்த வாயுவை நிலத்தடியில் பத்திரமாக அடைக்கவும் வேண்டும். இத்தனை சிரமம் எதற்கு என்கிறீர்களா? நம் அடுப்புச் சாம்பலைப் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொட்டுவோமா? வானத்தில் மட்டும் இத்தனை காலமும் கொட்டி வந்தோமே!