‘தா’ என்னும் சொல்

சென்ற மாதத்தில் ஓரிரவு எங்கள் ஒழுங்கை முழுவதும் மின்னொளி அற்றுப்போயிற்று. மழைக் காலத்தில் இது புதுமையன்று. எங்கள் வீட்டில் மெழுகுதிரிக் கட்டொன்று இருந்தது. பழைய அரிக்கன் லாம்பும் இருந்தது. அடுத்த வளவிலோ ஒரு கைத்தொலைபேசியின் வெளிச்சம் யன்னலுக்கு யன்னல் அலைந்து, சிறிது நேரத்தில் அதுவும் அவிந்துபோயிற்று. அங்கு குடியிருப்போர் அண்மையில் வந்த இளந் தம்பதியர், கைக்குழந்தை உண்டு. இரவு நெடுநேரம் அக்குழந்தை அழும் குரல் கேட்டது. காலையிற் படலையடியிற் கண்டபோது, ‘தம்பி, ஒரு குரல் வைத்திருக்கலாமே, மெழுகுதிரி தந்திருப்போமே’ என்றேன். ‘உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல் எண்டுதான் ஐயா’ என்று மிக்க பணிவோடு விடை கூறினார்.

நல்ல பிள்ளை. நல்ல பதில் என்றே பலரும் கூறுவர். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு அங்கே போகாமல் இருந்தவனும் நானே அல்லவா? கேளாத வீட்டுக்கு இரவிற் போய் எங்ஙனம் கதவைத் தட்டுவது என்று எண்ணிப் புரண்டு படுத்துவிட்டேன். பிறருக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்ற நற்பண்பு எங்கள் இரு வீடுகளிலும் குறைவின்றி இருந்தது. அழுதது குழந்தை மட்டுமே.

இப்பக்கங்களைப் படிப்போரிற் பெரும்பாலோர் ஆசிரியர்களும் மாணவர்களுமாதலின், ஓர் இலக்கணச் செய்தியை நினைவூட்டுதல் பொருந்தும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியலில், ஒருவன் மற்றொருவனிடம் பொருள் கேட்குங்கால் வழங்கும் சொற்கள் மூன்றென்று ஆசிரியர் வகுக்கிறார். ஈ, தா, கொடு என்பன அவை. ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல். ‘கொடு’ என்பது உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்கும் சொல். ‘தா’ என்பது ஒத்தவர் ஒருவரையொருவர் கேட்கும் சொல். இவ்வளவும் பள்ளி மாணவரும் அறிந்ததே. இதனை அடுத்து வரும் ஒரு நுட்பத்தைப் பலர் பரீட்சைக்குப் படித்து அதன்பின் மறந்துவிடுகின்றனர். ‘கொடு’ என்பது இயல்பிற் படர்க்கைக்கு உரிய சொல். ‘அவனுக்குக் கொடு’ என்போமேயன்றி ‘எனக்குக் கொடு’ என்பது பழைய மரபன்று. அங்ஙனமாயின் உயர்ந்தோன் தனக்கு வேண்டியதை அச்சொல்லாற் கேட்பது எப்படி? தன்னையே பிறனொருவன் போலப் பாவித்துக் கேட்கிறான் என்று தொல்காப்பியர் அமைதி கூறுகிறார். தன் தேவையைத் தன் தேவையென ஒப்புக்கொள்ள அவன் நாக்கு எழவில்லை போலும்! இலக்கணம் எழுத வந்தவர் மனிதரை எவ்வளவு நெருங்கி நின்று பார்த்திருக்கிறார் என்று நான் வியப்பதுண்டு.

திருக்குறளில் ‘இரவு’ 106ஆம் அதிகாரம், அடுத்ததே ‘இரவச்சம்’. கேட்கலாம் என்று ஒன்றும், கேட்க அஞ்சுக என்று மற்றதும் அருகருகே நிற்கின்றன. நம்மவர்கள் இரண்டாவதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொண்டனர். ஆத்திசூடி தொடங்கிய வயதிலேயே கையேந்துதல் இழிவென்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வறுமையால் இரத்தலும், அயலவனிடம் ஒரு சுண்டு அரிசி கேட்டலும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிக் கொடுக்க ஏனோ தவறிவிட்டோம். முன்னையது ‘ஈ’, பின்னையது ‘தா’.

இந்த வேற்றுமையை நான் நூலிலிருந்து அறியவில்லை. எங்கள் வேலியிலிருந்து அறிந்தேன்.

யாழ்ப்பாணத்து வேலியை அறியாத இளைஞர் இன்று பலர் இருப்பர். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதிகால்களை நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பார்கள். கதிகால் உயிருள்ளது, தளிர்க்கும், அதன் குழை தோட்டத்துக்குப் பசளையாகும். ஓலை உக்கினால் அதுவும் பசளையே. பெண்கள் குளிப்பதும் சமைப்பதும் அயலார் கண்ணிற் படாதவாறு ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும் அவ்வேலியைக் கண்ட வெளியூரார், ‘இவ்வளவு மறைத்து வாழும் மனிதரா!’ என்று அதிசயிப்பதுண்டு. அவர்கள் பொட்டைக் கண்டதில்லை. அடுக்களைக்கு அண்மையில், இரண்டு கதிகால்களுக்கிடையே ஓர் ஆள் ஒருக்களித்துப் புகத்தக்க இடைவெளி விட்டிருப்பார்கள். அதுவே பொட்டு. கண்டாயம் என்பாரும் உளர். படலை ஊருக்கு, பொட்டு அயலுக்கு. கறியும், செய்தியும், பிள்ளைகளும், சில வேளைகளிற் கண்ணீரும் அவ்வழியே போய்வந்தன. எங்கள் பொட்டடியில் மழை வெள்ளம் தேங்காதிருக்க ஒரு தட்டைச் சுண்ணக்கல் பதித்திருந்தது. தலைமுறையாகக் கால்கள் மிதித்து அது வழுவழுப்பாகிவிட்டது.

என் தந்தையார் கொடையாளர். மாம்பழக் காலத்திற் கடகம் கடகமாக அயல் வீடுகளுக்குப் போகும். செத்த வீடென்றாலும் கலியாண வீடென்றாலும் முதலில் நிற்பவர் அவர். ஆனால் எவரிடமும் ஒரு மண்வெட்டிதானும் கேட்டு வாங்க விடமாட்டார். ‘ஆரிட்டையும் போய் நிக்கக்கூடாது’ என்பது அவருடைய வேதம். ஊரில் அவருக்கிருந்த மதிப்பு பெரிது. அவரைச் சுற்றியிருந்தோர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்களாக இருந்தனர் என்பதும், கடன்பட்டவன் கடன் கொடுத்தவனை முழுமனத்தோடு நேசிப்பது அரிது என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

1964ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. வேலியடைப்பின்போது பக்கத்து வளவார் நட்ட மூன்று கதிகால்கள் ஒரு சாண் எங்கள் பக்கம் வந்துவிட்டன என்று தந்தையார் கண்டார். வார்த்தை தடித்தது. அதுவரை அவர் முன்னே குரல் உயர்த்தி அறியாத அந்த மனிதர், ‘உங்கடை மாம்பழம் திண்ட கடனுக்கு நிலமும் எழுதித் தரவோ?’ என்று கேட்டார். ஒரு சாண் நிலத்தைப் பற்றிய கேள்வியா அது? எத்தனையோ ஆண்டுகளாக நெஞ்சிற் கிடந்தது அன்று வெளிவந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இணக்கசபைகள் அப்போது இருந்தன. அங்கே போய், கதிகால்களைப் பிடுங்கி நேராக நடுவதென்று முடிவாயிற்று. பொட்டைப் பற்றி இணக்கசபை ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே தந்தையார் அதனைப் பனைமட்டை கொண்டு அடைத்துவிட்டார்.

இரண்டாண்டுகள் பேச்சில்லை. காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், எங்கள் நிலம் இன்னதென்பதற்கு அதில் எழுதியிருந்த அடையாளம் என்ன? கிழக்கு இன்னார் காணி, வடக்கு இன்னார் காணி என்பதே. அயலவனின் பெயரில்லாமல் எங்கள் உடைமையைச் சொல்லவே முடியாது. கிணற்றில் அரைப்பங்கும் அவருடையது. பெண்கள் இருவரும் அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நீர் மொண்டு திரும்பினர்.

பின்னர் ஒருநாள் அம்மா ஒரு மூக்குப்பேணியை என் கையிற் தந்து, ‘மாமியிட்டைப் போய், அம்மா கொஞ்சம் உறைமோர் தரட்டாம் எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வா’ என்றார். எனக்குத் திகைப்பு. எங்கள் வீட்டில் இரண்டு பசுக்கள் நின்றன. உறியில் தயிர்ச்சட்டி தொங்கியது. ‘எங்களிட்டைத்தானே இருக்கு’ என்றேன். ‘வாயைப் பொத்திக்கொண்டு போ’ என்றார். பொட்டு அடைத்திருந்தமையால் ஒழுங்கையாற் சுற்றிப் போனேன். மாமி பேணியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எங்கள் வீட்டில் மோர் இல்லாதிருக்க முடியாதென்பது அவருக்குத் தெரியாதா? ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், மோரும், மறு கையில் ஒரு பனங்கட்டிக் குட்டானும் கொண்டு வந்தார். சரியாகப் பத்து நாள் கழித்து அவருடைய மகள் எங்கள் படலையில் நின்றாள்: ‘அம்மா கொஞ்சம் கொத்தமல்லி தரட்டாம்.’

தந்தையார் அவர்களுக்கு மாம்பழம் அனுப்பியிருந்தால் அது திரும்பி வந்திருக்கும். கொடுப்பதற்கு மேலே நிற்க வேண்டியிருக்கிறது. அம்மா ஒரு படி கீழே இறங்கி, மாமியைக் கொடுப்பவராக்கினார்.

அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் தமது சுயசரிதையில் இத்தகைய சம்பவமொன்றைச் சொல்கிறார். 1737ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியாச் சட்டசபையில் அவர் எழுதுநராக இருந்தபோது, புதிய உறுப்பினர் ஒருவர் அவரை எதிர்த்தார். பிராங்கிளின் அவருக்குப் பணிந்து போகவுமில்லை, பரிசொன்றும் அனுப்பவுமில்லை. அவரிடம் அரிய நூலொன்று இருப்பதறிந்து, சில நாளுக்கு இரவல் தரும்படி கடிதம் எழுதினார். நூல் உடனே வந்தது. ஒரு வாரத்தில் நன்றியோடு திருப்பி அனுப்பினார். அடுத்து சபையிற் சந்தித்தபோது அந்த மனிதர் தாமாகவே வந்து பேசினார், இறக்கும்வரை நண்பராயிருந்தார். பிராங்கிளின் இதனை ஓர் உபாயமாகவே எழுதுகிறார். அதனாலோ என்னவோ, எனக்கு என் தாயாரின் மூக்குப்பேணியே உயர்வாகப் படுகிறது. பழஞ்சீலையில் முடிந்து வைத்த கௌரவத்தை அவிழ்த்தல்லவா அவர் அதைக் கொடுத்தனுப்பினார்!

சில மாதங்களில் பொட்டிலிருந்த பனைமட்டைகளில் இரண்டைக் காணவில்லை. யார் கழற்றினார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. தந்தையார் அதைக் காணாதவர்போற் கடந்து சென்றார். பின்னொரு நாள், வேலிக்கு அப்பால் நின்றவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: ‘அந்த மண்வெட்டியைப் பொடியனிட்டைக் குடுத்துவிடும்.’ மண்வெட்டி வேண்டியிருந்தது அவருக்கு. பொடியன் நான், எனக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. எச்சவியலை நான் படித்தது பல ஆண்டுகளின் பின்னர். படித்தபோது வகுப்பிலேயே சிரித்துவிட்டு ஆசிரியரிடம் ஏச்சும் வாங்கினேன்.

பழைய வேலியை நான் புகழ்வதாக எவரும் கொள்ள வேண்டாம். பொட்டு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்தோர் படலைக்கு வெளியே நின்றனர். எங்கள் கிணற்றில் அவர்கள் நீர் அள்ளலாகாது. யாரேனும் வந்து ஊற்றும்வரை வெயிலிற் காத்திருந்து, கையையேந்திக் குடித்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் கிணற்றடிக்கு அது வந்துசேர மேலும் பல ஆண்டுகள் சென்றன. உறைமோருக்காகத் தலைதாழ்த்தத் துணிந்த என் தாயாரும் அந்த ஏந்திய கைகளில் நீர் ஊற்றியவரே. அவர்களுக்கு எங்கள் ஊர் வைத்திருந்த சொல் ‘ஈ’ ஒன்றுதான். அவர்களிடம் நாங்கள் ஒருபோதும் ‘தா’ என்று கேட்டதில்லை, ‘கொண்டா’ என்றோம். இதனை எழுதாமல் மூக்குப்பேணிக் கதையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. தந்தையாரும் பக்கத்து வளவு மாமாவும் அதற்கு முன்பே காலமாகிவிட்டனர். அம்மாவும் மாமியும் ஒரு துவிச்சக்கர வண்டியை இருபுறமும் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். பாடசாலைக் கூடமொன்றில் ஐந்தாறு மாதம் பக்கத்திற் பக்கமாகப் படுத்திருந்தனர்; நடுவே ஒரு சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டார்கள். அந்தச் சேலையிலும் ஒரு மூலை எப்போதும் தூக்கிச் செருகியே இருந்ததாம்.

1996 வைகாசியில் திரும்பி வந்தபோது வேலி இருந்த இடமே தெரியவில்லை. கதிகால்கள் இல்லை, பூவரசுகள் தறிக்கப்பட்டிருந்தன, உறுதிகளும் போய்விட்டன. எது யாருடையதென்று சொல்ல எஞ்சியிருந்தது பொட்டடிக் கல் ஒன்றே. முதிய பெண்கள் இருவரும் புல்லை விலக்கி அதனைக் கண்டுபிடித்துக் காட்ட, அதிலிருந்தே நில அளவையாளர் சங்கிலி பிடித்தார்.

இருவரும் இப்போது இல்லை. மாமியின் மகன் கனடாவிலிருக்கிறார். 2012இல் அவர் பணம் அனுப்ப, நானும் பாதி போட, இரு வளவுக்கும் நடுவே சீமெந்துக் கல்லால் மதில் எழுந்தது. கறையான் அரியாது, ஆண்டுதோறும் அடைக்கும் செலவில்லை என்று கணக்குப் பார்த்தோம். அது சரியான கணக்கே. பொட்டு விடவேண்டுமென்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அத்திவாரம் வெட்டிய மேசன் அந்தக் கல்லைப் பெயர்த்து எங்கள் கிணற்றடியிற் போட்டார். அதில் இப்போது உடுப்புத் தோய்க்கிறோம்.

மதிலுக்கு அப்பாலுள்ள அவ்வீட்டிற்றான் அந்த இளந் தம்பதியர் வாடகைக்கு இருக்கின்றனர். அவர்கள் கேட்கவில்லையே என்று இவ்வளவு தூரம் எழுதிய பின்னரே, நான் அவர்களிடம் எதைக் கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்களுடைய வளவில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. எங்களுடையதிலும் நிற்கிறது, இன்னும் பெரிது. நேற்று மாலை ஒழுங்கையாற் சுற்றிப் போய்ப் படலையைத் தட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்தபடி அந்தப் பெண் வந்தார்.

‘பிள்ளை, இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை தாருங்கோ’ என்றேன்.